நாலு காம்பும் ஒரு நாக்கும்

அந்த அக்காவை முதன்முதலில் பார்த்தபோது திருடி என்றுதான் நினைத்தேன். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மாட்டுத் தீவனம் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் லேப் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. நிரம்பி வரும் தீவன மூட்டைகளுக்கு வாய் தைப்பது அவர் வேலை. புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் தூசிக்குக் கட்டிய துண்டு, கையில் தைப்பு மிஷின். சுற்றுமுற்றும் பார்க்காமல் மூட்டைக்குள் கையை விட்டார். கொஞ்சம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றார்.

பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சூப்பர்வைசரிடம் போய், பாவம்தான், ஆனாலும் கம்பெனி சரக்கில் கை வைப்பதை இப்படி விட்டுவைக்கலாமா என்று நியாயம் பேசினேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அது பசி இல்ல மேடம். அதுவும் ஒரு லேப்புதான். உங்களுக்கு முன்னாடியே இங்க கீது.”

எனக்குச் சுருக்கென்றது. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலில் நசுங்கி வருகிறவள் நான். எனக்கு ஈடாக மூட்டை தைக்கிற ஒருவரை வைத்துப் பேசினால் கோபம் வராதா? அடுத்த ஒரு மாதம் அந்த அக்காவிடம் நான் முகம் கொடுத்தே பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அக்காவிடம் மூன்று மாடுகள் இருந்தன. எங்கள் கம்பெனித் தீவனத்தைத்தான் வாங்கிப் போடுவார். தன் வாயில் போட்டுப் பார்க்காத எதையும் மாட்டுக்கு வைக்க மாட்டார். இது ஏதோ வேண்டுதல் மாதிரி அவருக்கு. புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு எல்லாம் முதலில் அவர் நாக்குக்குப் போக வேண்டும். மாட்டுக்குக் கொடுக்கிற குடற்பூச்சி மருந்தையே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, மாட்டு டாக்டரிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவர் அன்றைக்கு டாக்டரிடம் சொன்ன பதிலைக் கம்பெனியில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

“கசக்குதுன்னா அது வந்து சொல்லாது சார். நான்தான சொல்லணும்.”

நாங்கள் சிநேகமானது சாப்பாட்டில். மத்தியானம் பெண்கள் நாலைந்து பேர் குடோன் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒருநாள் என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, புளி பழசு, துவரம்பருப்பில் பாதி வேறு ஏதோ பருப்பு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், கடையை மாற்று என்று தீர்ப்புச் சொன்னார். எரிச்சலோடு வீட்டுக்குப் போய்ப் பருப்பு டப்பாவைக் கொட்டிப் பொறுக்கிப் பார்த்தேன். சொன்னது சரிதான். மறுநாளிலிருந்து என் டப்பாவை முதலில் அவரிடம்தான் நீட்டுவேன். என்னை மேடம் என்பார், அடுத்த வார்த்தையிலேயே வா, போ என்பார். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது.

கணவர் இல்லை. அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரே மகளை அத்திப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகனுக்கு அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை. மற்றபடி அவருக்கு இருந்த உறவு, அந்த மூன்று மாடுகள்தான். அதிலும் வெள்ளைக்காலி என்றால் தனிப் பேச்சு. கறுப்பு உடம்பில் ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளையாக இருக்கும் கலப்பு மாடு. கன்றாக வாங்கி வளர்த்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி முடிந்து சங்கு ஊதிவிடும்.

அந்த மாட்டைப் பார்க்கவென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஓடு வேய்ந்த ஒற்றை அறை வீடு. அதைவிட மாட்டுக் கொட்டகை பெரியது, சுத்தமானது. சாயங்காலக் கறவைக்கு உட்கார்ந்தார். மடியைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பீச்சை உள்ளங்கையில் வாங்கினார். வாங்கியதை நாக்கில் வைத்தார். துப்பினார். அடுத்த காம்பு. நாலு காம்புக்கும் நாலு முறை. அதன் பிறகுதான் பாத்திரத்தை எடுத்தார்.

பச்சைப் பாலை இப்படி வாயில் வைக்கலாமா, கிருமி இருக்காதா என்று பாடம் எடுத்தேன். அவர் மடிநோயைப் பற்றிச் சொன்னார். மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம், அதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே அந்தக் காம்புப் பால் லேசாக உப்புக் கரிக்கும், அன்றைக்கே பிடித்துவிட்டால் மருந்துகூட வேண்டாம், அடிக்கடி பீச்சிவிட்டு, சோற்றுக் கற்றாழை அரைத்துப் பூசினால் அடங்கிவிடும் என்றார். நான் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். மடி கெடும்போது ரத்தத்தில் இருக்கிற உப்பு பாலில் இறங்கும் என்று போட்டிருந்தது. அதை அந்த அக்கா எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க முடியாது. அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.

“என் கொட்டாயில ஒரு மாட்டுக்குக்கூட மடி போனதில்ல மேடம்,” என்றார் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டே. அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருக்கட்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் கர்வம் உண்டு. புரோட்டீன் என்று மூட்டையில் அச்சடிக்கிறார்களே, அது ஒரே பொருள் இல்லை, அமினோ அமிலம் என்று பலவகைத் துண்டுகள் சேர்ந்ததுதான் அது என்று ஒருநாள் அவருக்கு விளக்கினேன். பால் நிறையக் கறக்கிற மாட்டுக்கு லைசின், மெத்தியோனின் என்று இரண்டு துண்டுகள் அவசியம் வேண்டும். பாலுக்கு மட்டுமில்லை, மடியைக் கிருமியிடமிருந்து காப்பதற்கும் உடம்பு அந்தத் துண்டுகளைத்தான் தேடும். ஒன்று குறைந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு இருந்தும் வீண் என்றேன். புரியாது என்றுதான் நினைத்தேன். அவர் கையிலிருந்த தைப்பு மிஷினைத் தூக்கிக் காட்டினார். மேல் நூல் ஒன்று, அடிநூல் ஒன்று. மேல் நூல் கண்டு கண்டாக இருந்தாலும் அடிநூல் தீர்ந்துபோனால் மூட்டை வாய் பிளந்துகொள்ளும், அதுதானே என்றார். அதேதான். எனக்கு ஐந்து வருடப் படிப்பில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அவர் நாக்கால் எனக்கு ஒரு நல்ல பெயரும் கிடைத்தது. சேர்ந்த இரண்டாம் வருடம் என்று நினைக்கிறேன். ஒரு லோடு புண்ணாக்குத் தூள் வந்தது. புரோட்டீன் கணக்கு நன்றாகவே வந்தது. நான் சரி என்று கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அக்கா லேப் வாசலில் வந்து நின்றார். வாயைத் துடைத்துக்கொண்டே, இதில் என்னமோ கலந்திருக்கிறான், நாக்கு நுனியில் சில்லென்று ஆகிறது, அப்புறம் கசக்கிறது என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் லேப்பில் புரோட்டீனை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதை வைத்துப் புரோட்டீனைக் கணக்குப் போடுகிறோம். யூரியாவிலும் நைட்ரஜன் உண்டு. வயலுக்குப் போடுகிற யூரியா உரத்தைக் கொஞ்சம் கலந்துவிட்டால், காகிதத்தில் புரோட்டீன் ஏறிவிடும், தீவனத்தில் ஏறியிருக்காது. அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு மருந்து இருக்கிறது. அதைத் தூளில் இரண்டு சொட்டு விட்டால், யூரியா இருந்தால் மஞ்சளாக மாறும். அன்றைக்கு விட்டுப் பார்த்தேன். பளிச்சென்று மஞ்சள். லோடு திரும்பிப் போனது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். அக்கா சொல்லித்தான் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வாய் வரவில்லை. அக்காவிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது, உனக்குக் கிடைத்தால் என்ன, எனக்குக் கிடைத்தால் என்ன, மாடு தப்பித்தது என்று போய்விட்டார்.

அப்புறம் கொரோனா வந்தது. மாடு தின்பதை நிறுத்தாது என்பதால் எங்கள் கம்பெனி சில வாரங்களிலேயே மறுபடி திறந்துவிட்டது. அரைகுறை ஆட்களோடு ஓடிக்கொண்டிருந்தோம். இரண்டாவது அலையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் வரவில்லை. பக்கத்து வீட்டார்தான் மாடுகளைப் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. ஆனாலும் வந்த முதல் நாளே மூட்டைக்குள் கையை விட்டு, அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். பிழைத்துக்கொண்டாரே என்று எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாற்றம் தெரிந்தது. வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நேராக லேப்புக்கு வருவார். மேடம், நீ பாத்தியா, சரியாத்தான கீது என்று கேட்பார். சரி என்று நான் சொன்ன பிறகுதான் போவார். தினமும் இப்படி. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். கடைசியில் அக்காவும் படிப்புக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று என் வீட்டுக்காரரிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த சமயத்தில் புண்ணாக்கு கிடைப்பது குதிரைக்கொம்பு. புது ஆள் ஒருவரிடமிருந்து ஒரு லோடு இறங்கியது. நைட்ரஜன் பார்த்தேன், தாராளமாக இருந்தது. யூரியா பார்க்கிற மருந்து தீர்ந்துபோயிருந்தது. ஆர்டர் போட்டு ஒரு மாதமாகியும் வரவில்லை. மருந்து வரும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் மூன்று வண்டிகள் தீவனத்துக்காக நின்றிருந்தன. மேனேஜர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். புரோட்டீன்தான் நன்றாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டேன். சாதாரண நாள் மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் அக்கா வந்தார். எல்லாம் சரியா என்று கேட்டார்.

“சரிதான்க்கா. புரோட்டீன் தூக்கலாவே இருக்கு,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. வெள்ளைக்காலி கன்று போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பால் பெருகுகிற நேரம், நல்ல சாப்பாடு வேண்டிய நேரம். அந்தத் தீவனத்தில் இரண்டு மூட்டை தன் கையாலேயே தைத்து, டிவிஎஸ் வைத்திருக்கிற ஒரு பையனிடம் கொடுத்து வீட்டில் இறக்கச் சொன்னார்.

மூன்று வாரத்தில் வெள்ளைக்காலியின் பால் பாதியானது. மாடு வாடிவிட்டது, முதுகெலும்பு தெரிகிறது என்று அக்கா சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். வெயில் காரணமாக இருக்கும் என்றேன். அடுத்த வாரம் ஒருநாள் வேலைக்கு வரவில்லை. மறுநாள் வந்தவர், பின்காம்பு இரண்டும் போய்விட்டது, மடி கல்லாக இருக்கிறது, தொட்டால் உதைக்கிறது என்றார். ஊசி போட்டார்கள். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு என்று அக்கா ஒரு பக்கம் அரைத்துப் பூசினார். நானும் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பால் வருகிற இடத்தில் மஞ்சள் தண்ணீரும் கட்டியும் வந்தன. மாடு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. அதன் கன்று பக்கத்தில் கட்டப்பட்டு, கத்திக்கொண்டே இருந்தது.

மாடு பிழைத்தது. இரண்டு காம்பு செத்துவிட்டது. மீதி இரண்டில் கன்றுக்கே போதாது. மடிநோய்க்கு நூறு காரணம் உண்டு, ஈரத் தரை, ஈ, சேறு என்று எதுவாகவும் இருக்கலாம், ஆனால் எப்போதும் முன்னாலேயே பிடித்துவிடுகிற நீ இந்தத் தடவை எப்படி விட்டாய் என்று டாக்டர் கேட்டாராம். அக்கா, தான் வேலைக்கு வந்திருந்த ஒரு நாளில், பக்கத்து வீட்டுக்காரரை வைத்து மாட்டை வியாபாரியின் வண்டியில் ஏற்றி அனுப்பினார். எதிரில் நின்றால் அனுப்ப முடியாது என்று தெரிந்து அப்படிச் செய்திருந்தார். அன்றைக்கு நூல் அறுந்துகொண்டே இருந்தது. அவர் கோர்த்துக் கோர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து நடந்ததைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். காலையில் அவசரத்தில் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. எனக்கே தெரியாது. வழக்கம்போல் டப்பாவை முதலில் அக்காவிடம் நீட்டினேன். அவர் பிசைந்து மூன்று வாய் சாப்பிட்டார்.

“நல்லா கீது மேடம்.”

நான் ஒரு வாய் வைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை. உப்புக் கடல். அக்கா நாலாவது வாயை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன என்பது போலப் பார்த்தார். நான் சொல்லாமலே புரிந்துவிட்டது அவருக்கு. சோற்றை டப்பாவிலேயே வைத்துவிட்டு, மற்றவர்கள் கேட்டுவிடுவார்களோ என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“ஜுரம் வந்ததுல இருந்து ஒண்ணுமே தெரியல மேடம். உப்பு, காரம், நாத்தம், எதுவும் இல்ல. தவிட்டை மென்னாலும் ஒண்ணுதான், மண்ணை மென்னாலும் ஒண்ணுதான்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“இன்னான்னு சொல்றது? இந்த நாக்கத்தான லேப்பு லேப்புன்னு சொல்லிகினு இருந்தாங்கோ. அதான் உன்னாண்ட கேட்டுகினு இருந்தேன்.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “தெனம் நாலு காம்பும் வாயில வெச்சுதான் பாத்தேன். கரிச்சிருக்கும். எனக்குத்தான் தெரியல. இந்தப் பாழாப்போன நாக்கால என் வெள்ளைக்காலி போச்சு.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை அக்கா, மருந்து இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று. வாய் வரை வந்தது. சங்கு ஊதியது. எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன்.

மருந்து அந்த மாதக் கடைசியில் வந்தது. எந்தத் தீவனத்திலும் ஒரு பாட்டில் சாம்பிள் எடுத்து, தேதி போட்டு அலமாரியில் வைத்திருப்போம். அந்தத் தேதி பாட்டிலை எடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு மருந்தை விட்டேன். மஞ்சள். முன்பு பார்த்ததைவிட அடர்ந்த மஞ்சள். மேனேஜரிடம் சொன்னேன். சரக்கெல்லாம் எப்போதோ விற்றுத் தீர்ந்துவிட்டது, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, இனிமேல் அந்த ஆளிடம் வாங்க வேண்டாம் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு ஒன்றுமில்லை.

எனக்கு நானே வாதாடியும் பார்த்தேன். யூரியா மடியை வீங்க வைக்காது, கிருமிதான் வீங்க வைக்கும். யூரியாவையும் மாட்டின் வயிறு ஓரளவுக்குப் புரோட்டீனாக மாற்றிக்கொள்ளும். ஆனால் கன்று போட்ட மாட்டுக்கு அது போதாது என்றும் எனக்குத் தெரியும். லைசின் வேண்டும், மெத்தியோனின் வேண்டும் என்று அந்த அக்காவுக்கே பாடம் எடுத்தவள் நான். தின்றதெல்லாம் பொய்யாக இருக்க, அது தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுத்திருக்கிறது. கிருமி வந்தபோது எதிர்க்க ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் மடி போனது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். அதனால் இல்லை என்றும் எழுதிக் கொடுக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவில் நான் கிடந்தேன்.

அக்கா கொஞ்ச நாளில் மற்ற இரண்டு மாடுகளையும் கொடுத்துவிட்டார். நாக்கு இல்லாமல் மாடு வைத்துக்கொள்வது பாவம் என்றாராம். மகளோடு இருக்க அத்திப்பட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இருந்ததால் சமாளித்தேன் மேடம் என்றார். அதைவிட அவர் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.

இரண்டு வருடம் போனது. சாம்பிள் பாட்டில்களை ஆறு மாதத்தில் கொட்டிவிடுவோம். அந்த ஒரு பாட்டிலை மட்டும் நான் கொட்டவில்லை, என் மேஜை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, அத்திப்பட்டு போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி இருக்கும். அக்கா வாசலில் கொடியிலிருந்த துணிகளை எடுத்து, மின் நிலையச் சாம்பலை உதறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். டீ போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, கண்ணெல்லாம் சிரிப்பாக, ஒரு சேதி தெரியுமா என்றார்.

“நாக்கு வந்துடுச்சு மேடம். ஒரு நாள் காலையில டீ குடிச்சுகினு இருக்கேன், இனிக்குது. அப்படியே குந்திகினு அழுதுட்டேன். முன்ன மாதிரியே எல்லாம் தெரியுது. தெரிஞ்சு இன்னா, கொட்டாயில ஒரு மாடும் இல்ல.”

நான் ரயிலில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தேன். என்ன என்று கேட்கவில்லை அவர். பழக்கம்தானே. மூடியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

மெல்லுவது நின்றது. கண் திறக்கவில்லை.

“சில்லுனு கீது,” என்றார். பிறகு கண்ணைத் திறந்து, “எந்த மூட்டை மேடம் இது?” என்றார்.

சொன்னேன். மருந்து தீர்ந்தது, வண்டிகள் நின்றது, கையெழுத்துப் போட்டது, அன்றைக்குச் சாயங்காலம் அவர் கேட்டபோது சரி என்றது, அப்புறம் மஞ்சளானது, தெரிந்தும் வாய் மூடிக்கொண்டிருந்தது, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“நீ இத வாயில போட்டுப் பாத்தியா?”

இல்லை என்றேன். அந்தக் கம்பெனியில் அத்தனை வருடமாக வேலை செய்கிறேன், ஒரு சிட்டிகைகூட வாயில் வைத்ததில்லை.

பாட்டிலை என் பக்கம் தள்ளினார். கொட்டி வாயில் போட்டுக்கொண்டேன். தவிட்டு வாசனை. முதலில் நாக்கு நுனி சில்லென்று ஆனது. அப்புறம் கசப்பு எழும்பி, தொண்டைக்குழியில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்த் துப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. விழுங்கிவிடலாம் என்று இருந்தேன்.

“முழுங்காத. போய்த் துப்பிடு,” என்றார்.

துப்பிவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தேன். அவர் பாட்டிலின் மூடியைத் திருகி, இறுக்கி, என் கைப்பை மேல் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

“அது துப்பல மேடம். நான் வெச்சேன்னு தின்னுச்சு.”